இடது கையால் நீட்டிய புதினா

டீச்சரே,

இன்று காலை வீட்டில் புதினாத் துவையல் அரைத்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் கோடவுனுக்கு வந்துவிட்டேன். ராஜஸ்தானிலிருந்து சதகுப்பை இறங்கியிருந்தது. தரகர் மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனேன். இரண்டு வாசனையும் ஒன்றாக ஏறியது. புதினாவின் குளிர்ச்சி, அதன் மேல் சதகுப்பையின் காட்டம். தரகர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான், தெரியுமா?" என்றேன்.

"எது அக்கா?"

"புதினாவும் இதுவும்."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நான் ஒரு சாயா சொல்லட்டுமா?" என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தமிழ் பேசுவீர்கள், ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. கொச்சியில் நகராட்சி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை நீங்கள். முதல் வகுப்பிலிருந்து மலையாளம்தான். மூட்டைகளுக்கு மேலே சுவரில் கரித்துண்டால் நான் "சுக்கு" என்று எழுதி வைத்திருந்ததை ஆறு மாதம் பார்த்துவிட்டு, "சேச்சி, அது உங்க பேரா?" என்று கேட்டவர் நீங்கள். ஆகையால் நீங்கள் இருந்திருந்தாலும் இதை நான்தான் படித்துக் காட்டியிருப்பேன். இப்போதும் வாய்க்குள் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தோளில் துணிப்பை, தடித்த மூக்குக்கண்ணாடி. "சதகுப்பை ஒரு கரண்டி வேணும்" என்றீர்கள்.

"கரண்டியா? இங்க மூட்டைதாம்மா."

"மூட்டையக் கொண்டுபோய் நான் எந்தா செய்ய? காலேஜ்ல பிள்ளைங்களுக்கு மணக்கக் குடுக்கத்தான். ஒரு கரண்டி மதி, போதும்."

ஆயுர்வேத மருந்துக் கம்பெனிக்காரர்கள் வண்டியோடு நிற்கும் நேரம். ஆள் போனால் போதும் என்று ஒரு கை அள்ளி நீட்டினேன். நீங்கள் இடது கையை நீட்டினீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மட்டாஞ்சேரிக்கு வந்து, கோடவுனில் சுக்குப் பொறுக்கி, கழித்துப் போட்ட உடைந்த சுக்கை வாங்கி விற்று, அப்படியே மேலே ஏறியவள் நான். எனக்குத் தொழில் சொல்லித்தர யாரும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பிடித்ததுதான். அதில் முதலில் பிடித்தது இது: சாம்பிளை வலது கையால் கொடுக்க வேண்டும், வலது கையால் வாங்க வேண்டும். இடது கையால் கொடுத்தால் சரக்கில் கோளாறு. இடது கையால் வாங்கினால் வாங்குகிற எண்ணம் இல்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பஜார் ரோட்டில் இதை மீறிய ஒருவரை நான் கண்டதில்லை.

"இடது கையால வாங்குனா அதோட முடிஞ்சுது. வலது கைய நீட்டுங்க" என்றேன், கொஞ்சம் காரமாகவே.

நீங்கள் பையைத் தரையில் வைத்தீர்கள். அதுவரை பையின் காதுக்குள் நுழைத்து இறுக்கிப் பிடித்திருந்த வலது கையை வெளியே எடுத்தீர்கள். அது நடுங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ உருட்டிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத ஒரு மிளகை உருட்டுவது போல. நான் வைத்த சதகுப்பையில் பாதி தரையில் போயிற்று.

நான் பொறுக்கக் குனிந்தேன். நீங்கள்தான் பேசினீர்கள்.

"சிந்தினது உங்க பங்கு, கையில நின்னது என் பங்கு. கச்சவடம் ஆச்சா?" உங்கள் பேச்சில் வியாபாரத்துக்கு அதுதான் பேர்.

அதன் பிறகு எத்தனையோ முறை, "இடது கையாலேயே வாங்குங்க டீச்சரே" என்று கெஞ்சியிருக்கிறேன். நீங்கள் மசியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வலது கைதான். "நியமம் நியமம்தான், கேட்டோ" என்பீர்கள். என்னைக் குத்துவதற்காகவே சிந்துவீர்கள். கடை வாசலில் புறாக்கள் உங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கின.

இரண்டாம் முறை வந்தபோது கேட்டேன், முகர வைத்து என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று. புதினாவுக்கு வாசனை கொடுப்பதும் சதகுப்பைக்கு வாசனை கொடுப்பதும் ஒரே மூலக்கூறு என்றீர்கள். கார்வோன் என்று அதற்குப் பெயர். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே வரிசை.

"சும்மா பறையாதீங்க" என்றேன் உங்கள் பாஷையிலேயே. "முப்பது வருஷமா மூக்கால பொழைக்கிறவ நான். ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் ஒண்ணா மணக்கல?"

நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள். "செருப்பக் கால் மாத்திப் போடுங்க."

போட்டேன்.

"நடங்க."

நாலு எட்டு வைப்பதற்குள் கட்டைவிரலைக் கடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "முதலாளிக்கு இது எந்து பற்றி?" என்று, எனக்கு என்ன ஆயிற்றோ என்கிற மாதிரி ஒருவன் கேட்டது காதில் விழுந்தது.

"ஒரே தோல், ஒரே தையல், ஒரே கடை" என்றீர்கள் நீங்கள். "பின்ன ஏன் கடிக்குது? ஒண்ணு மத்ததோட கண்ணாடிப் பிம்பம். அதான் காரியம். மூக்குக்குள்ளயும் இதே கதைதான் சேச்சி. அங்க இடது காலுக்கு ஓர் இடம், வலது காலுக்கு ஓர் இடம். எந்தச் செருப்பு எங்க பொருந்துதோ அந்த வாசனை."

நான் அன்று மாலை வரை செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நான் விற்றது என்ன என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நல்லது எது, கலப்படம் எது என்று மூக்குச் சொல்லும். மூக்கு எப்படிச் சொல்கிறது என்று நானும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எனக்கு உங்களால்தான் தெரிந்தது.

உங்கள் கை மோசமாகிக்கொண்டு வந்தது. மாத்திரை ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. ஒரு நாள் நீங்கள் வந்து மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள், சாயாவைத் தொடவில்லை. வகுப்பில் பிளாஸ்டிக் உருண்டைகளையும் குச்சிகளையும் கோத்து மூலக்கூறு செய்து காட்டியபோது, சிவப்பு உருண்டை ஒன்று கை நழுவி, பெஞ்சுகளுக்கு அடியில் கடைசி வரிசை வரை உருண்டு போயிற்றாம். ஒரு பெண் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாளாம். மறுபடி நழுவிற்றாம். மறுபடி எடுத்துக் கொடுத்தாளாம்.

"சிரிச்சிருந்தாப் பரவாயில்ல சேச்சி. ஒருத்தரும் சிரிக்கல" என்றீர்கள்.

கல்லூரியிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வரும் கல்வியாண்டிலிருந்து ஓய்வில் போய்விடலாமே என்றார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது உங்களுக்கு. பிள்ளையா குட்டியா, எதுவும் இல்லை, வகுப்பு ஒன்றுதான். எனக்குக் கடையைப் பிடுங்கினால் எப்படியோ அப்படி. நான் நேராகக் கேட்டேன்: "வேற வழி என்ன இருக்கு?" அழுது தீர்க்கட்டும் என்று விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சாயாவை எடுத்துக் குடித்தீர்கள்.

வழியை நிஷா கொண்டுவந்தாள். உங்களிடம் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் காக்கநாட்டில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவள், இரண்டு குழந்தைக்காரி. தலையில் மாட்டுகிற வி.ஆர். கண்ணாடி, இரண்டு கையிலும் பிடிக்கிற ரிமோட் மாதிரி இரண்டு சாமான். நீங்கள் அதை மாட்டிக்கொண்டால், உள்ளே உங்களைப் போலவே ஓர் உருவம் நிற்கும். அவதார் என்பாள் அவள். நான் பொம்மை என்பேன். நீங்கள் கையை உயர்த்தினால் அதுவும் உயர்த்தும், பேசினால் பேசும். கண்ணாடி மாட்டிய பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பொம்மையைச் சுற்றி நின்று, ஆள் உயரத்துக்கு நிற்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் நடந்து பார்க்கலாம். முக்கியமானது வேறு. உங்கள் கையின் நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, கை போக நினைக்கிற இடத்தை மட்டும் பொம்மைக்குக் கொடுக்க நிஷா ஏற்பாடு செய்திருந்தாள்.

அதை ஒரு குழுவுக்கு முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். பிரின்சிபல், உங்கள் துறைத் தலைவர், வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர். அவர்களுக்குத் திருப்தி என்றால் நீங்கள் தொடரலாம். இல்லையென்றால் மாலை, சால்வை, போய் வாருங்கள்.

ஒத்திகைக்கு இடம் தேடினீர்கள். தடுக்கி விழாத அகலமான இடம் வேண்டும். என் கோடவுன் மாடி அப்போது காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வந்தீர்கள்.

முதல் ஞாயிறு எனக்கும் மாட்டிவிட்டார்கள். மாடிச் சுவரெல்லாம் காணாமல் போயிற்று. கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய உருண்டைகள், நடுவில் ஆறு உருண்டை வளையமாக நின்றது. ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு. நான் வளையத்துக்குள் போய் நின்றேன். கிணற்று உறைக்குள் இறங்கியது போல் இருந்தது. தூசியில் தும்மல் வந்தது, கண்ணாடியோடு தும்மினேன், கார்வோன் முழுவதும் ஆடிற்று.

"சேச்சி, மூலக்கூறு மேல தும்மாதீங்க" என்று குரல் கேட்டது. திரும்பினேன். நீங்கள் நின்றீர்கள். கைத்தறிப் புடவை, மூக்குக்கண்ணாடி, பின்னல்.

"பத்து வயசக் கொறச்சிட்டாங்களே" என்றேன்.

"அது நிஷா செஞ்சது. நான் சொல்லல."

"வேண்டாம்னும் சொல்லல போல."

பொம்மை சிரித்தது. பிறகு குனிந்து மேசையிலிருந்து ஒரு சின்ன மூலக்கூறை எடுத்தது. அந்தக் கை ஆடவில்லை டீச்சரே. நான் அறிந்த நாள் முதல் உங்கள் கை சும்மா இருந்து பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றினேன். எதிரே ஸ்டூல் மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், முகத்தை மறைத்த கண்ணாடியோடு. கையில் இருந்த சாமான் வளையலில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி மாட்டிக்கொண்டேன். மறுபடி கழற்றினேன். வியாபாரத்தில் எத்தனையோ பேரின் தைரியத்தைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அடுத்தவர் பணத்தில் காட்டுகிற தைரியம். இது வேறு ஜாதி.

அதற்காகக் குறை சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று சொன்னேன். இதில் வாசனை இல்லை; வாசனையைப் பற்றிய பாடத்தில் வாசனை இல்லாவிட்டால் எப்படி? அதற்கு நானே இரண்டு குப்பி எண்ணெய் தருகிறேன், ஒன்று புதினா, ஒன்று சதகுப்பை. பார்க்கிறவர்கள் கையில் கொடுத்து, பொம்மை சொல்லும்போது முகரச் சொல்லுங்கள். இரண்டாவது, பொம்மை மூலக்கூறை நீட்டும்போது வலது கையால் நீட்ட வேண்டும்.

"இது கச்சவடம் இல்ல சேச்சி."

"மூலக்கூறா இருந்தாலும் சாம்பிள் சாம்பிள்தான்."

ஒப்புக்கொண்டீர்கள். மூன்றாவதுதான் வினை. குழுவுக்கு முந்தின நாள் மாலை, நீங்கள் கிளம்பிய பிறகு, நிஷாவிடம் தனியாகச் சொன்னேன்: "டீச்சர் 'வலது பக்கம் பாருங்க'ன்னு சொல்றாங்க. எதிர்ல நிக்கிறவளுக்கு அது இடது பக்கமால்ல இருக்கு? ஒவ்வொரு தடவையும் தலையச் சுத்துது. பாக்குறவன் பக்கம்தான் பக்கம். அதுக்கு ஏதாவது செய்." அவள் யோசித்தாள். வீடியோ காலில் நம் முகம் நமக்குத் தெரிகிற மாதிரி, பார்க்கிறவர்களுக்கு மட்டும் காட்சி முழுவதையும் இடம் வலமாகத் திருப்பிவிடலாம் என்றாள். நல்லது, செய் என்றேன். நல்ல யோசனை சொன்ன திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆட்டோவில் தோப்பும்படி தாண்டி, வெலிங்டன் தீவு வழியாகத் தேவராவில் இருக்கும் உங்கள் கல்லூரிக்குப் போனோம். மடியில் குப்பிப் பெட்டியை வைத்துக்கொண்டு நான். மாத்திரை போட்டாச்சா என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தீர்கள்.

அறையில் மூன்று பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் காண்பது சுவரிலும் பெரிதாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் நிஷா. நான் மூலையில், சாம்பிள் கொண்டுவந்தவளாக. முன்னால் நாற்காலியில் நீங்கள். பொம்மை பேசத் தொடங்கியது. என்ன அழகாகப் பேசினீர்கள். செருப்புக் கதையைச் சொன்னீர்கள், என் பேர் சொல்லாமல். பிரின்சிபல் கண்ணாடிக்குள்ளேயே சிரித்தார். பிறகு பொம்மை மேசையிலிருந்து மூலக்கூறை எடுத்து நீட்டியது.

"இது புதினா. உங்க கையில இருக்கிற முதல் குப்பியத் திறந்து மணந்து பாருங்க."

சுவரில் பார்த்தேன். இடது கை.

பதற்றத்தில் மாற்றிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்காலியைப் பார்த்தேன். அங்கே உங்கள் வலது கை நீண்டிருந்தது, நடுங்கிக்கொண்டு. சுவரில் இடது கை, கல் மாதிரி. ஒரு சாம்பிளைத் தேய்த்து முகர்கிற நேரம்தான் ஆகியிருக்கும். முந்தின நாள் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. கை மாறினால் கையில் இருப்பதும் மாறும். செருப்பு மாறிவிட்டது. இவர்கள் புதினாவை முகர்ந்துகொண்டு சதகுப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியூர்ப் பேராசிரியர், வயதானவர், தலையைச் சாய்த்து ஆள்காட்டி விரலால் காற்றில் ஏதோ சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். அவருக்குப் பொறிதட்டிவிட்டது. அவர் முதலில் வாய் திறந்தால், இடது வலது தெரியாத டீச்சர் என்று ஆகிவிடும். சால்வை மடித்து வைத்தாயிற்று. நான் பேசினால், குப்பி கொண்டுவந்த வியாபாரி பாடத்துக்கு நடுவே பேசினாள் என்று ஆகும். எனக்கு எது வந்தாலும் பரவாயில்லை.

"டீச்சரே, இடது கையால குடுக்கிறீங்க" என்றேன், கோடவுன் மாடிக்குக் கேட்கிற குரலில்.

பொம்மை அசையாமல் நின்றது. மூன்று தலைகளும் குரல் வந்த பக்கம் திரும்பின. துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உங்கள் சிரிப்புக் கேட்டது. கடையில் சதகுப்பை சிந்தும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. சுவரில் பொம்மையின் தோள்களும் குலுங்கின.

"நிஷா, நீ கண்ணாடிப் பிம்பமாத் திருப்பி வெச்சியோ?"

நிஷா கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாள். "ஆமா டீச்சர். எழுத்த மட்டும் நேராக்கினேன், மத்தது…"

"ஆரு சொல்லி?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே கையைத் தூக்கினேன். வலது கையை.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். எழுந்து நின்றீர்கள். "சார், மேடம், நீங்களும் கழட்டுங்க" என்றீர்கள். கழற்றினார்கள். நீங்கள் வலது கையை உயர்த்திப் பிடித்தீர்கள். எதையும் பிடிக்காமல், பைக்குள் மறைக்காமல், அந்த அறை முழுக்கப் பார்க்க, அது தன் பாட்டுக்கு நடுங்கியது. சுவரில், நீங்கள் விட்ட இடத்தில், பொம்மை இடது கையை நீட்டியபடி நின்றது.

"உங்க கையில இருக்கிறது புதினா. கண்ணாடிக்குள்ள நீங்க கண்டது சதகுப்பை. தப்புத்தான். நான் காணல, கச்சவடக்காரி கண்டா" என்றீர்கள். "இது என் கை. சுவர்ல இருக்கிறதும் என் கைதான், ஒரு விரல் கொறையல. அதத் தலைகீழாத் திருப்புங்க, சாய்ச்சுப் பாருங்க, எப்படித் திருப்பினாலும் இந்தக் கை மேல அது பொருந்தாது. இத விட்டா இன்னைக்கு எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

அந்த வயதான பேராசிரியர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வயதில் இன்றுதான் கிடைத்தவை போல. பிறகு எழுந்து வந்து புதினாக் குப்பியை உங்களிடம் நீட்டினார். நீங்கள் வலது கையால் வாங்கினீர்கள். சிந்தவில்லை, மூடி போட்டிருந்தது.

"டீச்சரே, இந்தத் தப்ப இனி எல்லா வருஷமும் செய்யணும்" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் அதிகம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, சரியாக வரவில்லை. நீங்கள் வெளியே துறைமுகக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "சேச்சியோட வாய் கெடுத்துது, சேச்சியோட கண்ணு காத்துது. போட்டே, விடுங்க." அவ்வளவுதான். அதை நீங்கள் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. நானாக இருந்தால் பத்து வருடம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

முடிவு கவரில் வந்தது. கிழிக்கக் கை ஒத்துழைக்கவில்லை என்று பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்தீர்கள். நான் கிழித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. உங்களிடமே திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் படித்தீர்கள், மறுபடி படித்தீர்கள், பிறகு, "சேச்சி, சதகுப்பை ஸ்டாக் இருக்கா? அடுத்த வருஷத்துக்கும் வேணும்" என்றீர்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

மறு வருடம் ஒரு காரியம் செய்தீர்கள். அதில் மட்டும் நான் உங்களோடு சண்டை போட்டேன். நடுக்கத்தை வடிகட்டுகிற ஏற்பாட்டை எடுத்துவிடச் சொன்னீர்கள் நிஷாவிடம். "கஷ்டப்பட்டுச் செஞ்ச நல்ல சரக்க யாராவது தூக்கிப் போடுவாங்களா?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னது இது: "புஸ்தகத்துலதான் மூலக்கூறு அசையாம நிக்கும் சேச்சி. நெஜத்துல ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆடிட்டேதான் இருக்கும். பிள்ளைங்க அதையும் காணட்டும்." பொம்மையின் கை நடுங்க, அது பிடித்த கார்வோனும் நடுங்க, பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள் என்று நிஷா சொன்னாள். இந்த முறையும் ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஆனால் வகுப்பு முடிந்ததும் நீங்கள் அவளிடம் அதைப் பெருமையாகச் சொன்னீர்களாம்.

எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை, இன்றும். ஆனால் என் கணிப்பு தப்பிய இடங்களை நான் குறித்து வைப்பவள். அது அதில் ஒன்று.

போன கர்க்கடக மாத மழையில் நிமோனியா வந்து நாலே நாளில் போய்விட்டீர்கள். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. கடைசி வகுப்பை எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிஷா கடைக்கு வந்தாள், வி.ஆர். கண்ணாடியோடு. உங்கள் வகுப்புகள் எதுவும் பதிவாகவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அந்தக் குழுவின் நாள். அன்று ஓடியது முழுக்கத் தானாகவே பதிவாகியிருக்கிறது, அறையில் கேட்ட குரல்களோடு.

"திருப்பினது திருப்பினபடியே இருக்கு அக்கா. நான் நேராக்கிக் குடுக்கிறேன்" என்றாள். "அஞ்சு நிமிஷ வேலை."

மாடிக்குப் போய் மாட்டிப் பார்த்தேன். நீங்கள் வந்தீர்கள், பத்து வயது குறைந்து. செருப்புக் கதையைச் சொன்னீர்கள். குனிந்து எடுத்தீர்கள். நீட்டினீர்கள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை காட்டுக் கத்தலாய், "டீச்சரே, இடது கையால குடுக்கிறீங்க" என்றாள். என் குரல் இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. பிறகு உங்கள் சிரிப்பு.

கழற்றி நிஷாவிடம் சொன்னேன்: "வேண்டாம். நேராக்குனா நான் கத்துனதுக்கும் அர்த்தம் இல்ல, அவங்க சிரிச்சதுக்கும் அர்த்தம் இல்ல." அவள் கண்ணாடியை அப்படியே என்னிடம் விட்டுப் போனாள்.

அது உங்கள் கை இல்லை என்று எனக்குத் தெரியும் டீச்சரே. உங்கள் கை வலது கை, அது நடுங்கும். கண்ணாடிக்குள் இருப்பது இடது, அது ஆடாது. அசல் எது, பிம்பம் எது என்று உங்களிடம் பாடம் கேட்டவளை ஏமாற்ற முடியாது. கடைக்கு வருகிறவர்களில் கை நடுங்குகிற வயசாளிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கை வந்து சேரும் வரை சாம்பிளோடு காத்து நிற்கிறேன். சிந்தினால் என் பங்கு. வலது கை நியமத்தை மட்டும் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. இன்று காலை அந்தத் தரகரிடம்கூட, "கைய மாத்துங்க" என்று சொல்லித்தான் வாங்கினேன்.

அவர் போன பிறகு மாடிக்கு ஏறினேன். புதினாவும் சதகுப்பையும் ஒட்டிய கையோடு கண்ணாடியை மாட்டினேன். நீங்கள் இடது கையால் நீட்டினீர்கள். பதிவில் என் குரல் குறுக்கே வருவதற்கு முன்னால், கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.